போனை எடுக்கிற மருமகள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு ‘சி.ஐ.டி. அக்கா’ என்று பெயர். தைத்து முடித்த சட்டைகளை உள்ளும் புறமும் புரட்டி, விட்டுப்போன தையலையும் தொங்குகிற நூலையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. இருபது வருஷம் குற்றம் பார்த்தே சம்பளம் வாங்கியவள், வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி வைத்துவிடுவாளா என்ன? பால் பாக்கெட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பு வரை எதையும் ஒரு தரம் புரட்டிப் பார்த்துத்தான் நம்புவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு தாளை நீட்டினாள். பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உலக மொழிகளையும் பண்பாடுகளையும் அறிமுகப்படுத்துகிறார்களாம். ஆறு சனிக்கிழமைகள். பஸ்ஸும் அவர்களே அனுப்புவார்களாம்.

“காசு?”

“ஒண்ணும் வேண்டாம்மா. கையெழுத்து மட்டும் போடு.”

“ஆதாயமில்லாம யாருடி ஆத்தைக் கட்டி இறைப்பா? பாஷையச் சொல்லிக் குடுத்து, ஆசையக் காட்டி, பிளேன்ல ஏத்தி விட்டுருவாங்க. எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்.”

“ஏன், அண்ணன் இல்லையா?”

தாய் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன்காரன் மூன்று வருஷத்துக்கு முன் வேலைக்கென்று வெளிநாடு போனவன். முதல் வருஷம் வாரம் தவறாமல் பேசினான். அப்புறம் பேச்சு மூச்சில்லை. இவள் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் வந்தது. புரியாத பாஷையில் தேன் ஒழுகப் பேசியது. சரிதான், எவளையோ கட்டிக்கொண்டுவிட்டான், சொல்லப் பயம் என்று தாய் முடிவு கட்டினாள். மகளிடம், “அண்ணன் நான் வேலையில இருக்கும்போது பேசினான்” என்று புளுகி வைத்தாள். தேநீர் இடைவேளையில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து அவனைக் கூப்பிடுவாள்.

“என் பிள்ளைகிட்ட போனைக் குடுடி, மினுக்கி!”

அவளா அசைவாள்! எப்போது கூப்பிட்டாலும் அதே நாலு வார்த்தை. சரியான அழுத்தக்காரி என்று இவள் பல்லைக் கடிப்பாள்.

மகள் பிடித்த பிடியை விடாமல் நின்று கையெழுத்து வாங்கினாள். “அண்ணன் வரும்போது பேசிக் காட்டணும்” என்று அவன் இருக்கும் நாட்டு மொழியையே தேர்ந்தெடுத்தாள். தாய்க்குச் சந்தேகம் இரட்டிப்பானது. இவளும் கம்பி நீட்டப் பார்க்கிறாளோ? மகளின் பையைத் துழாவினாள். கண்ணாடி முன் அவள் முணுமுணுப்பதைக் கதவோரம் நின்று கேட்டாள். கடைசிச் சனிக்கிழமை பெற்றோரும் வரலாம் என்றதும், விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வகுப்பறையில் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஆசிரியை சின்னப் பெண்.

“அந்த ஊர்ல தினமும் காதுல விழுற குரல்களைக் கேக்கப் போறோம். என்ன சொல்லுதுன்னு கண்டுபிடிங்க” என்றாள் அவள்.

ஒலிபெருக்கியில் முதலில் ரயில் நிலைய அறிவிப்பு வந்தது. அடுத்து லிப்டுக்குள் பேசும் குரல். மூன்றாவது குரல் வாய் திறந்ததும் தாய் துள்ளி எழுந்தாள்.

“இவதான்! இவ எப்படி இங்க வந்தா? என் மருமக!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

“அம்மா, இது ஆள் இல்லம்மா. போன் கம்பெனிக்காரங்க பதிவு பண்ணி வச்ச குரல்.”

“என்னடி சொல்றா அவ?”

“நீங்க கூப்பிட்ட நம்பர் இப்ப உபயோகத்துல இல்லைன்னு சொல்லுது.” மகள் எழுந்து பக்கத்தில் வந்தாள். “அண்ணன் நம்பர்ல இதுவா வருது? எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

சிரிப்பு அடங்கிவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிய மருமகள் இல்லவே இல்லை என்றால் ஒரு மாமியார் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு பொல்லாதவளாக இருந்தாலும், அவள் இருந்தவரை மகனுக்கு ஒரு வீடு இருந்தது, வேளைக்குச் சோறு போட ஒருத்தி இருந்தாள்.

“டீச்சர், இன்னொரு தடவை போடும்மா” என்றாள். “வேற ஏதாச்சும் சொல்றாளான்னு பார்ப்போம்.”