அங்கீகாரம் கேட்டுப் போன காலண்டர்கள்

ஒரு நாட்டின் எதிர்காலத்தின் மேல் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் காபி டம்ளரோடு. எதிர் நாற்காலியில் அந்த நாட்டின் தூதர் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் எடைக்கு அந்த எதிர்காலம் நசுங்காமல் இருந்ததே பெரிய காரியம்.

நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு சாரார் அடிக்க வருவார்கள். வேறு பெயரில் எழுதினால் இன்னொரு சாரார். கடல் தாண்டி மேற்கே ஒரு பெரிய நாடு இருக்கிறது, அதிலிருந்து பிரிந்து தாங்கள் தனி நாடு என்று தாங்களே அறிவித்துக்கொண்டவர்கள் இவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி இருக்கிறது, காசு இருக்கிறது, போலீஸ், பள்ளிக்கூடம், வரி எல்லாம் இருக்கிறது. அதை நாடு என்று ஒத்துக்கொண்ட அரசாங்கம் மட்டும் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அவர் தூதர் என்பது அவருடைய விசிட்டிங் கார்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். சிவகாசியில் ஆர்டர் கொடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் பார்ட்டிதான். அவரையும் பார்ட்டி என்றோம். அந்தப் பதவியை வாங்க அவர் யாரிடமும் மனுப் போட வேண்டியிருக்கவில்லை.

மதுரையில் காலேஜ் படித்தவர். தமிழ் நன்றாகவே வரும். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பிரஸ்ஸுக்கு முதலில் வந்தது காலண்டருக்காக இல்லை. தங்கள் நாட்டை ஏன் அங்கீகரிக்க வேண்டும் என்று விளக்கி, தலைக்கு வைத்துத் தூங்கும் கனத்தில் ஒரு புத்தகம் அடிக்க வந்தார். நான் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதை எந்த மந்திரியும் படிக்க மாட்டார், காலண்டர் அடியுங்கள் என்றேன். ஜவுளிக்கடைக்காரர் ஒவ்வொரு வருஷமும் காலண்டர் கொடுக்கிறாரே, யாராவது அவரைப் பற்றிப் புத்தகம் படித்துவிட்டா கடைக்குப் போகிறார்கள்? காலையில் எழுந்ததும் தேதி பார்க்கிறார்கள், பக்கத்தில் கடைப் பெயர் இருக்கிறது. வருஷம் பூராவும் பார்த்த பெயரை யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மனிதர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டார். என் பேச்சைக் கேட்டு ஒரு வெளியுறவுக் கொள்கையே மாறும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் டிவி சேனல்கூட என் பேச்சைக் கேட்டு மாறியதில்லை.

அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு குட்டித் தீவு நாடு இவர்களை அங்கீகரிப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் வந்து வெளியுறவு மந்திரியைப் பாருங்கள், ஆனால் எந்த வாக்குறுதியும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாடு முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். இந்தச் சந்திப்பு கெட்டுப்போனால் இன்னொரு கதவு தன் ஆயுளில் திறக்காது என்றார். அந்த அமைச்சகத்தின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு காலண்டர். பன்னிரண்டு தாள், ஒவ்வொன்றிலும் கொடி, அவர்கள் ஊர் மலை, ஒட்டகம், துறைமுகம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மிஷினை ஓட்ட ஆரம்பிக்கும்போது நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை நல்ல பேப்பரை யாரும் விட மாட்டோம். முந்தைய வேலையில் கெட்டுப்போன தாளையே திரும்ப விடுவோம். வேஸ்ட் ஷீட் என்று பெயர். ஒரே தாளில் குழந்தை முகம், அதன்மேல் பிஸ்கட் லேபிள், அதன்மேல் பூச்சட்டி வெடியின் தீப்பொறி என்று ஏறிக்கொண்டே போகும். இனி ஏற இடமில்லை என்றானதும் அது பேக்கிங்குக்குப் போகும். சிவகாசியிலிருந்து வருகிற பண்டல் எதைப் பார்த்தாலும் மேலே இப்படி ஒரு கண்றாவி சுற்றியிருக்கும். நாங்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

கார்த்திகை மாதம், மத்தியானம் சாய்ந்த நேரம். லோடு ஏறி வேன் மதுரைக்குக் கிளம்பிவிட்டது. அங்கே லாரி ஆபீஸில் போட்டால் சென்னைக்குப் போய், அங்கே ஏஜென்ட் பெட்டியில் அடைத்து, விமானத்தில் நேராகத் தீவுக்கு. தூதர் விடைபெற வந்திருந்தார். தன் கையோடு கொண்டுபோக ஒரே ஒரு பண்டலை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார். அது பேக்கிங் அறையில் ஸ்டூல்மேல் இருந்தது. காபியோடு உள்ளே போன நான்தான் அதை முதலில் பார்த்தேன்.

பண்டலைச் சுற்றியிருந்தது பெரிய நாட்டின் வரைபடம்.

பெரிய நாட்டுப் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு ராப்பர் அடிப்பது நாங்கள்தான், பல வருஷமாக. பின்னட்டையில் அவர்கள் வரைபடம். ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஒரே பச்சை. நம் பார்ட்டியின் நாடு அதற்குள் கோடுகூட இல்லாமல் கரைந்து கிடக்கும். அந்த வேஸ்ட் ஷீட்டில்தான் என் மச்சினன் மிஷினைச் செட் பண்ணியிருக்கிறான். பச்சை வரைபடத்தின்மேல் இவர்கள் கொடி தலைகீழாக, பாதி கலரில், ஒட்டகத்தோடு விழுந்திருந்தது. அதன்மேல் இவர்கள் அரசாங்க முத்திரை போட்ட லேபிளை, பேக்கிங் பார்க்கிறவர்கள் கடலுக்கு நடுவே கோணாமல் ஒட்டியிருந்தார்கள்.

பின்னால் ஷூ சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தூதர் எதிரே உட்கார்ந்தார். தீவில் என்ன நடக்கும் என்று சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. வேன் இப்போது திருத்தங்கல் தாண்டியிருக்குமா, டிரைவருக்கு எப்படிப் போன் பண்ணுவது, எழுந்தால் தெரிந்துவிடுமே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மச்சினன் உள்ளே வந்தான்.

"என்னத்தான், கோழி அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்கீக?"

இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றேன். அவன் நம்பவில்லை, நான் உட்கார்ந்த தினுசைப் பார்த்துச் சிரித்தான். தூதரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, பண்டல்களைப் பிரிக்காமல் அப்படியே மந்திரி மேசைமேல் அடுக்கி, அவர் முன்னாலேயே தன் கையால் பிரிக்கப்போவதாகச் சொன்னார். பத்திரிகைக்காரர்கள்கூட இருப்பார்களாம்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை. பக்கத்தில் போய்க் குனிந்து, தாளை விரலால் நீவினார். மச்சினன் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"எல்லாப் பண்டலும் இப்படியாண்ணே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இந்த மேப்புக்காகத்தான் எங்க ஊர்ல அம்புட்டுப் பேர் செத்தாங்க."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் எல்லாத் திட்டுக்கும் ஒரு ஜோக் கைவசம் உண்டு. அன்று மச்சினனிடம், கார்ச் சாவியை எடு என்று மட்டும் சொன்னேன்.

காரை மச்சினன் ஓட்டினான். நான் பக்கத்தில், தூதர் பின்னால். வேன் டிரைவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டும்போது நாரணாபுரம் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். தூதர் சட்டென்று தலையைத் தாழ்த்தினார். நாங்கள் இருவரும் வானத்தைப் பார்த்தோம். புகை எழும்பவில்லை, பட்டாசு ஆலையில் வெடி டெஸ்டிங்தான். எங்கள் ஊரில் யாரும் அதைப் பேச மாட்டார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

மச்சினன் எனக்குத் தைரியம் சொன்னான். டிரைவர் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் ஒரு டயரைக்கூட நகர்த்த மாட்டான், கடை வாசலிலேயே அமுக்கிவிடலாம் என்றான். எனக்கும் உயிர் வந்தது. விருதுநகருக்குள் நுழைந்து, அவன் வழக்கமாக நிறுத்தும் கடைமுன் இறங்கிப் பார்த்தால் வேனைக் காணோம். கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அவர் மாலையில்ல போட்டிருக்காரு. தை பிறந்தாத்தான் இங்கிட்டு வருவாரு."

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான். காலையில் அவன் என் முன்னால் கறுப்பு வேட்டியோடு நின்று, சாமி, போயிட்டு வாரேன் என்று சொன்னான். நானும் சரி சாமி என்றேன். அதெல்லாம் மண்டையில் ஏறினால்தானே.

நாலுவழிச் சாலையில் ஏறினோம். லாரி ஆபீஸுக்குப் போன் போட்டால், வேன் வந்த கையோடு சரக்கை ஏற்றி அனுப்பிவிடுவோம், யாருக்காகவும் நிறுத்த மாட்டோம் என்றார்கள். கண்ணாடியில் தூதரைப் பார்த்தேன். மடியில் அந்த ஒற்றைப் பண்டலை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்க வைக்கலாம் என்று ஏதோ ஆரம்பித்தேன். மச்சினன் கியரை விட்டுக் கையை எடுத்து என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். வாயை மூடிக்கொண்டேன்.

கள்ளிக்குடியை நெருங்கும்போது ரோட்டோரம் எங்கள் வேன் நின்றது. ஆளைக் காணவில்லை. காட்டுக்குள் ஒரு பம்புசெட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சாமி சாயங்காலக் குளியலில் இருந்தார். நான் கத்தியபடி ஓடினேன். ஈர வேட்டியோடு வெளியே வந்தவன் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, கரையில் சூடத்தைப் பொருத்திச் சரணம் சொல்ல ஆரம்பித்தான். சாவி அவன் இடுப்பில். லாரி கிளம்புகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் எப்படிப் பேசுவது? திரும்பிப் பார்த்தால் தூதர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று காத்திருந்தார்.

திருமங்கலத்தில் பிரவுன் பேப்பர் வாங்கினோம். மதுரை லாரி ஆபீஸில் தரையில் உட்கார்ந்து பிரித்தோம், சுற்றினோம். தூதர் கோட்டைக் கழற்றி மூட்டைமேல் போட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். பச்சை வரைபடங்களைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாக மடித்து ஓரமாக அடுக்கினார். கொடி தலைகீழாக இருந்தாலும் கொடி, மிதிபடக் கூடாது என்று நினைத்திருப்பார். ஆபீஸ்காரர் வாசலில் நின்று எங்களைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டிக்கொண்டிருந்தார். லாரி ஸ்டார்ட் ஆகி உறுமியது.

சுற்றி முடித்ததும்தான் தெரிந்தது: அரசாங்க முத்திரை லேபிள் எல்லாம் பழைய தாளோடு போய்விட்டது. பசையில் ஊறியதை உரித்தால் கையோடு வந்தது. வேனில் இருந்தவை எங்கள் பிரஸ் லேபிள்கள் மட்டும். குத்துவிளக்குப் படம் போட்டு, எங்கள் விலாசம் அடித்தவை.

தூதர் அதை வாங்கிப் பார்த்தார். "எங்க முத்திரை இல்லாம போனா, இத யார் அனுப்புனதுன்னு தெரியும்?"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தூதர் கண்ணை மூடித் திறந்து, "ஒட்டுங்கண்ணே" என்றார். ஒட்டினோம். லாரி போனது. அன்று அவர் எங்களோடு டீ குடிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை போன் வந்தது. கிசுகிசுப்பாகப் பேசினார். தீவு அமைச்சகத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறாராம். வாசலில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அங்கீகாரம் இல்லாத அரசாங்கத்தின் முத்திரை போட்ட எதையும் உள்ளே வாங்கக் கூடாது என்பது அங்கே விதி. வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவை இந்தியாவில் ஏதோ ஒரு பிரஸ்காரன் அனுப்பிய இலவசக் காலண்டர் என்று நினைத்து வாங்கி, பிரித்து, அறைக்கு ஒன்றாக மாட்டிவிட்டார்கள்.

"எதிர் சுவத்துலயே தொங்குதுண்ணே. எங்க கொடிதான். தேதிமேல யாரோ பேனாவால வட்டம்கூடப் போட்டிருக்காங்க."

மந்திரியைப் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டேன். இன்னும் கூப்பிடவில்லை என்றார். நேற்றும் இங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். அந்த அறையில் மின்விசிறி சுற்றுவது எனக்குக் கேட்டது.

அப்புறம் கேட்டார், "டிசம்பர் வரைக்கும் கழட்ட மாட்டாங்கல்லண்ணே?"

எதற்கும் தயங்காமல் கேரண்டி கொடுக்கிற என் வாய் அப்போது திறக்க நேரமானது. காலண்டர் தலையில் அடித்த தகடு நல்ல தகடு, தானாக விழாது என்று மட்டும் சொன்னேன்.