ஏழாவது மூடி

இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் அளவு மூடி ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். பத்து மில்லிக்குக் கோடு போட்டது. மகன் கல்லூரிக்குப் போய்விட்டான், மூடி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஹோட்டல் பார்களில் மதுவுக்கு விலை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு 'பார்' என்று வாயில் வருமா? அம்மாவிடம் இன்றுவரை 'ஹோட்டல் கணக்கு' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

முதல் வேலை தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு ஹோட்டலில். புதிதாகத் திறந்த பாரை, கப்பலில் இருபது வருடம் ஸ்டூவர்டாக இருந்து கரையேறிய அண்ணாச்சி ஒருவர் பார்த்துக்கொண்டார். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "பாட்டிலுக்கு ரெண்டு பெக் காணல. அவருதான் எடுக்காருன்னு எழுதிக் குடுங்க, சனிக்கிழமையோட அனுப்பிருதேன்."

கணக்கு எளிது. எழுநூற்றைம்பது மில்லி பாட்டில், பெக்குக்கு அறுபது மில்லி, ஆகப் பன்னிரண்டரை பெக் வரவேண்டும். பாட்டில் விலையை அதால் வகுத்து, சோடா, ஐஸ், எலுமிச்சை, கொறிக்கக் கொடுக்கும் கடலை எல்லாம் சேர்த்து, மேலே லாபம் வைத்தால் விலை. ஆனால் பில் இருந்தது பத்து பெக்குக்கும் கொஞ்சத்துக்கும்தான். எனக்கும் அவர்மேலேயே சந்தேகம். 'எடுத்திருக்கிறார்' என்று அறிக்கையில் எழுதியே விட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன், அவர் ஊற்றுவதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று காலையில் பார் திறக்கும் முன் போனேன். கப்பலிலிருந்து கொண்டுவந்த ஸ்டீல் அளவுக் குவளையால், ஒரு பெக்குக்கு இரண்டு தரம், ஒரு சொட்டு சிந்தாமல், கிளாசில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அன்று மகனுக்கு இருமல், மருந்து மூடி கைப்பையில் இருந்தது. அதை எடுத்ததும், "யாருக்கு மேடம் இருமல், பாட்டிலுக்கா?" என்று சிரித்தார். கிளாசிலிருந்து மூடியின் கோடுவரை ஊற்றி ஊற்றி அளந்தேன். ஆறு மூடி நிறைந்தும் கிளாசில் தண்ணீர் மிச்சம். ஏழாவதும் நிறைந்தது. அட கடவுளே! அந்தக் கப்பல் குவளையின் அளவு, அவர் நம்பியிருந்த முப்பது மில்லி அல்ல, முப்பத்தைந்து. பெக்குக்குக் கூடுதலாகப் போன பத்து மில்லி, குடிக்க வந்தவர்களின் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ என்னைய அளக்கத்தான் வந்தீயளா?" என்றார். அறிக்கையை அவர் கண்முன்னாலேயே கிழித்தேன்.

முதலாளி புதுக் குவளை வாங்கித் தந்து, அளவைச் சத்தமில்லாமல் குறைக்கச் சொன்னார். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "நானே எல்லாருட்டயும் சொல்லிருவேன். சொல்லலன்னா அப்பதான் நான் களவாணி." பாட்டிலுக்கு இனி முழுசாகப் பெக் வரும் என்பதால், விலையிலும் கொஞ்சம் குறைக்க இடமிருந்தது. மல்லுக்கட்டி முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். அண்ணாச்சி மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். முணுமுணுத்தார்கள், மறுநாளும் வந்தார்கள்.

போன மாதம் அவரே போனில் கூப்பிட்டார். திருச்செந்தூர் சாலையில் புது ஹோட்டல், பாருக்கு அவர்தான் மேனேஜர், விலை போடவேண்டுமாம். போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது, சட்டையில் இப்போதும் ஒரு சுருக்கமில்லை. தண்ணீர் ஊற்றிய கிளாசை என் பக்கம் நகர்த்தி, "மூடிய எடுங்க தங்கச்சி. மொதல்ல என்னைய அளந்து பாருங்க" என்றார். வேண்டாம் அண்ணாச்சி என்றேன், விடவில்லை. அளந்தேன். ஆறு மூடி. கிளாசில் சொட்டு மிச்சமில்லை.