நாவல்பழ நிறத்தில் ஒரு நகம்

ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவனுக்கு நகம்தான் முதல் எதிரி. நகத்தின் ஓரம் கொஞ்சம் பிசிறியிருந்தால் போதும், பட்டின் மேல் கையை ஓடவிடும்போது ஒரு இழை எழும்பி வந்துவிடும். கேரள எல்லையோரம் இருக்கும் பாறசாலைக் கடையில் எனக்கு அப்படி ஒரு இழை எழும்பியது, கல்யாணப்பெண்ணும் அவளுடைய சித்திமார்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. முதலாளி என் விரல்களை மட்டும் பார்த்தார். சேலையைவிட அவைதான் அதிகம் கிழிந்திருந்தன.

பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் விட்டுப்போன ஒரு டப்பா குளியலறை அலமாரியில் இருந்தது. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு திறந்தேன். அம்பது வயதைத் தொட்ட, மீசை வைத்த ஒருவன் நெயில் பாலிஷ் டப்பாவைத் திறக்கும்போது தாழ் போடாமல் முடியுமா?

அன்று தொடங்கிய பழக்கம் விடவில்லை. இரும்பு அரம் நகத்தைக் கடித்துத் துப்பும். கண்ணாடி அரம் ஒரே திசையில் இழுத்தால் பட்டு மாதிரி முடித்துத் தரும். நகக்கண்ணில் விட நம்முடைய தேங்காயெண்ணெய் நல்லதுதான், ஆனால் சேலையில் கறை வைக்கும். டப்பாவில் இருந்த, சின்னத் தூரிகை வைத்த பாதாம் எண்ணெய் உடனே உள்ளே இறங்கிவிடும். நாலு பக்கம் தேய்க்கிற ஒரு கட்டை உண்டு, அதன் நாலாவது பக்கம் தருகிற மினுக்கத்தில் நான் என் முகத்தையே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது நிறமில்லாத ஒரு பாட்டில். ஒரு பூச்சு பூசினால் நகம் வெடிக்காது. பூசியிருப்பது யாருக்கும் தெரியவும் செய்யாது. களவு செய்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பாட்டிலில் ஒரு அதிசயமும் இருந்தது. மாதக்கணக்காகப் பூசியும் அது தீரவில்லை. சபையில் அற்புதங்களைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வரும்.

தேர்தல் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டு, எங்களுக்கு அடுத்த வெள்ளி. களியக்காவிளைக்கு அப்பால் இருக்கும் மாமியாருக்கு மூட்டுவலி என்று என் மனைவி முன்கூட்டியே போய்த் தங்கிவிட்டாள். அவர்கள் ஓட்டு நாளில் நானும் பைக்கில் போய், மாமியாரைப் பின்னால் உட்கார வைத்து வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்து டீக்கடையில், வழக்கமான கொழுப்பில், "எனக்கு அஞ்ச தமிழ்நாட்டுல ஒரு ஓட்டு உண்டு, இஞ்ச ஒண்ணு உண்டு, ரெண்டு சர்க்காரும் நம்மளுக்க கையில ஆக்கும்" என்று அடித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் சிரித்தான்.

அந்த வாரம்தான் அற்புதம் நின்றது. இடதுகை ஆட்காட்டி விரலில் நகம் நடுவே கீறி நிற்கிறது, நிறமில்லாத பாட்டிலோ காலி. டப்பாவில் மிச்சம் இருந்தது நாவல்பழ நிறம் ஒன்று. நிறம் பார்வைக்கு, பலம் பலத்துக்கு என்று தத்துவம் பேசி அதையே கனமாகப் பூசினேன். மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, கடையில் கேட்டவர்களிடம் கத்திரி பட்டது என்றேன். முதலாளி இரக்கப்பட்டு அன்றைக்கு எனக்குக் காப்பி வாங்கித் தந்தார். அந்தக் காப்பிக்கு நான் இப்போதும் கடன்பட்டவன்.

எங்கள் ஓட்டுக்கு முந்தின நாள் மனைவி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் பிளாஸ்டரை உரித்து, பாலிஷ் அழிக்கிற திரவத்தில் பஞ்சை முக்கித் துடைத்தேன். பாலிஷ் போனது. நிறம் போகவில்லை. நகம் முழுக்கக் கருநீலமாக ஊறி, வேர் ஓரத்துத் தோலிலும் ஒரு வளையம். எலுமிச்சை தேய்த்தேன், பற்பசை தேய்த்தேன், கால் தேய்க்கிற கல்லாலும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது ஒரு வாரம் பழகிய தேர்தல் மை போலவே ஆகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் டீக்கடையில் சொன்னது ஞாபகம் வந்தது. மனைவி வெளியே இருந்து கதவைத் தட்டி, வயிற்றுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

ஆண்கள் வரிசையில் நின்றபோது விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காதைச் சொறிந்தேன். வேட்டி மடிப்பைப் பிடித்தேன். ஜெயிலில் சேலை மடிக்கிற வேலை கிடைக்குமா என்றுகூட யோசித்துவிட்டேன். உள்ளே என் பெயரை வாசித்தார்கள். மை வைக்கிற டீச்சர் என் விரலைப் பிடித்துத் திருப்பினார். திருப்பியவர் விடவில்லை.

கட்சி ஏஜெண்டாகப் பின்னால் உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டுக்காரன். எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"டீச்சரே, இவருக்கு அந்தப்பக்கமும் ஓட்டு உண்டுன்னு இவரே சொன்னது ஆக்கும். போன வெள்ளிக்கிழமை அஞ்ச நின்னதையும் ஆளுக கண்டிருக்கு."

டீக்கடைப் பொய்யில் நின்றால் ரெண்டு மாநிலத்திலும் ஓட்டுப்போட்ட கள்ளன். உண்மை சொன்னால் நெயில் பாலிஷ் போட்ட ஆண். உண்மையைச் சொன்னேன்.

"இது நெயில் பாலிஷ் ஆக்கும்."

முழு அறையும் சிரித்தது. தலைமை அதிகாரிகூடச் சிரித்தார். "எலே மக்கா, இஞ்ச வந்தும் தமாசா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். இத்தனை வருடமாக நான் விட்ட கதைகளுக்கெல்லாம் கை தட்டியவர்கள், சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. இனி அழுதால் அதையும் நடிப்பென்றுதான் சொல்வார்கள்.

அப்போது பெண்கள் வரிசையில் இருந்து அடுத்து உள்ளே வந்தவள் என் மனைவி. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே வந்து என் வலதுகையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். அஞ்சு நகமும் ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கின.

"எனக்க மவளுக்க பாட்டில் ஆக்கும் டீச்சரே. இவிய நகத்துக்கு எல்லாம் பூசுவாவ. கடையில சேலை இழுபடாம இருக்க."

டீச்சர் குனிந்து ஒவ்வொரு நகமாகப் பார்த்தார். இடது விரலின் தோலைத் தடவினார், நகத்துக்குக் கீழே கணுவரை இறங்குகிற தேர்தல் மைக் கோடு அங்கே இல்லை. பிறகு மெதுவாக மலையாளத்தில் கேட்டார்.

"பேஸ் கோட் இட்டில்ல, அல்லே?"

இல்லை என்று தலையாட்டினேன். கடும் நிறத்தை அடிப்பூச்சு இல்லாமல் பூசினால் நகம் குடித்துவிடும், தனக்கும் ஒரு தடவை ஆனது என்று அவர் தலைமை அதிகாரிக்கு விளக்கினார். அதிகாரி என் அடையாள அட்டையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். நாவல்பழ நிறத்தின் மேலேயே மையை வைத்தார்கள். வெளியே வருவதற்குள் செய்தி வரிசையின் வால்வரைக்கும் போயிருந்தது. ஒருவன் தன் கையை நீட்டி, இதுக்கு என்ன கலர் சேரும் என்று கேட்டான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன். ஒரு தமாசுக்கு நான் முதுகு காட்டியது அதுதான் முதல் தடவை.

மனைவியும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து என்னோடு சேர்ந்தாள். எப்போதிருந்து தெரியும் என்று வழியில் நான்தான் கேட்டேன்.

"ஒரு பாட்டில் இத்தன மாசம் தீராம இருக்குமா? நான்தான் தீரத்தீர கடையில புதுசு வேண்டி வச்சேன். அம்மைக்க வீட்டுக்குப் போன வாரம் மறந்துபோச்சு."

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன்.

"நீங்க ஊரெல்லாம் எல்லாத்தையும் சொல்லிச் சிரிக்கிய. இது ஒண்ணுதான் ஒளிச்சு வச்சிருந்திய. அதுல நான் என்னத்துக்குக் கை வைக்கணும்?"

வாக்குச்சாவடியில் படாத கூச்சம் அப்போது காதுவரை ஏறியது. எதிரே வந்தவர்கள் மை வைத்த விரலை உயர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தேன். அவள் நின்று, அந்தக் கையை வெளியே இழுத்துவிட்டாள்.

"மை காயல்ல. வெள்ளச் சட்டை."