எஸ்தர் டீச்சர் பழக்கிய கோலி நாய்

போன செவ்வாய்க்கிழமை காலை, முதல் மணி அடித்து நான் மூன்றாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டிருந்தேன். கோயமுத்தூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் பள்ளி வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "சார், எஸ்தர் டீச்சரு ஆஸ்பத்திரியில தவறிப்போயிட்டாங்களாமுங்க. அவுங்க தம்பி சொல்லி உட்டாருங்க." மூன்று வாரமாக டீச்சருடைய வகுப்பையும் சேர்த்து நான்தான் பார்த்துவந்தேன். அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அன்னூர்ப் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் 'நாய் டீச்சர்' என்றால்தான் பலருக்கு அடையாளம் பிடிபடும். அந்தப் பெயரைக் கேலியாகச் சூட்டியவர்களில் நானும் ஒருவன். இன்று அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்.

அவருடைய தம்பி ஆனைமலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கிருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது ஒரு நாய்க்குட்டியைத் தம்பியிடம் விட்டுப் போனார். தம்பி அதைக் கூடையில் வைத்து அக்காவிடம் கொண்டுவந்து சேர்த்தார். கோலி என்று சாதியாம். கூர்மூக்கு, கழுத்தைச் சுற்றி வெள்ளை, உடம்பெல்லாம் கம்பளி. நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதம் தாங்காது என்று நான் ஜாதகம் கணித்தேன். டீச்சர் அதற்கு ஜானி என்று பெயர் வைத்து, வேப்பமரத்தடியில் ஈர மணல் பரப்பிக் கொடுத்தார். கம்பஞ்சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து வைத்தார். பள்ளி விட்டதும் மடியில் போட்டு, சீப்பால் வாரி, உண்ணி பொறுக்குவார். ஆட்டுக்குக் கத்தரிப்பதுபோல் முடியைக் கத்தரித்துவிடுங்கள் என்று ஊரே சொன்னது. "அது அதுக்குக் கூரைங்க சார். கூரையப் பிரிச்சுப்போட்டா வெயில் குறையுங்களா?" என்றார். கத்தரிக்கவில்லை. குட்டியும் சாகவில்லை.

நான்கு மாதத்தில் வேறு தொல்லை தொடங்கியது. ஜானி கோழிகளைக் கண்டாலும் சரி, பள்ளிப் பிள்ளைகளைக் கண்டாலும் சரி, சுற்றிச் சுற்றி ஓடி ஒரு மூலையில் சேர்த்துவிடும். பின்தங்கிய பிள்ளையின் குதிகாலை மெல்லக் கவ்வும். சீமையில் அதன் சாதிக்கு ஆடு மடக்குவதுதான் தொழில் என்று பிறகு தெரிந்தது. நம் பக்கத்தில் மேய்ச்சலுக்கென்று விட்ட கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை முள்வேலி போட்டு, ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் அவை பாட்டுக்கு மேயும். ஆடு மடக்கும் நாயை யார் கண்டோம்? கடிக்கப் பழகுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அடங்காத மாட்டுக்குக் கட்டுவதுபோல் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடச் சொன்ன மேதாவி நான்தான்.

ஒரு நாள் ஜானி வேலிச் சந்தில் புகுந்து, நாச்சிமுத்துக் கவுண்டரின் கொறங்காட்டில் முப்பது ஆடுகளைப் படலோரம் நெருக்கி நிறுத்திவிட்டது. ஒரு சினையாடு முள்ளில் விழுந்து காலைக் கிழித்துக்கொண்டது. கவுண்டர் பள்ளிக்கே வந்துவிட்டார். "ஏம்மா டீச்சரு, ஆட்டத் தொரத்திப் பழகுன நாயி அப்புறம் நிக்காது. நாளைக்கு ஆள உடறேன், புடிச்சுக் குடுத்துரு," என்றார். அந்த ஆள் நாயை என்ன செய்வான் என்று கேட்கத் தேவையில்லை. டீச்சரின் அப்பா அதே கவுண்டர் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்து இறந்தவர். அந்தக் குடும்பத்தில் யாரும் கவுண்டரிடம் மறுபேச்சுப் பேசியதில்லை.

"ஒரு மாசம் தவணை குடுங்க," என்றார் டீச்சர். "அதே காட்டுக்குள்ள கயிறு இல்லாம கூட்டியாறனுங்க. ஒரு ஆட்டத் தொட்டாலும் நானே உங்க ஆள் கையில புடிச்சுக் குடுத்தர்றனுங்க."

கவுண்டர் சரி என்று போனார். எனக்குத்தான் எரிச்சல். "எதுக்குங்க டீச்சர் வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க?" என்றேன். "அதுக்குப் பேச வாயில்லீங்க சார். எனக்கு இருக்குதுங்களே," என்றார்.

அந்த மாதம் விடிந்ததும் அரைமணி, பள்ளி விட்டதும் அரைமணி. கையை உயர்த்தினால் ஜானி படுக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை எழக்கூடாது. முதல் வாரம் அது படுக்கவே இல்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் டீச்சர் புழுதியில் குப்புறப் படுத்திருக்கிறார், பக்கத்தில் ஜானி. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சிரிங்க சார். படுக்கறது தண்டனையில்லைன்னு அதுக்குத் தெரியோணுமில்லீங்க," என்றார், எழுந்திருக்காமலே. பிறகு தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அதன் மூக்குக்கு முன்னால் மேயவிட்டார். அசையாமல் கிடந்தால் ஒரு துண்டு கருவாடு. எழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அடி என்பதே கிடையாது. "அடிச்சா நம்ம கையத்தான் பாக்குமுங்க, மூஞ்சியப் பாக்காது," என்பார்.

தவணை முடிந்த நாளில் பாதி ஊர் வேலியோரம் நின்றது. டீச்சர் காட்டின் நடுவில் நின்று கையை உயர்த்தினார். ஜானி படுத்தது. கவுண்டர் வேண்டுமென்றே ஆடுகளை அதன் மேலேயே ஓட்டிவிட்டார். முப்பது ஆடுகளும் அதை உரசிக்கொண்டு ஓடின. ஒரு கிடாய் முன்னங்காலை மிதித்தது. ஜானி முனகியது, உடம்பெல்லாம் நடுங்கியது, டீச்சரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, எழவும் இல்லை. கடைசி ஆடு போன பிறகும் டீச்சர் கையை இறக்கவில்லை. கவுண்டர்தான் சொன்னார்: "போதுமுங்க டீச்சர். எந்திரிக்கச் சொல்லுங்க." பண்ணையாளின் மகளிடம் அவர் மரியாதையாகப் பேசியதை அன்றுதான் ஊர் கேட்டது. ஏதோ நானே பழக்கிய நாய்போல எனக்கு அப்படியொரு பெருமை.

டீச்சர் போனதிலிருந்து ஜானி சோறு தின்னாமல் கிடக்கிறது என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். பொய். அவருடையது என்று இன்று என்னிடம் இருப்பது ஜானிதான். என் வீட்டில் இரண்டு வேளையும் வயிறு நிறையத் தின்கிறது. நான் சொன்னால் கேட்கிறது. அதுவும் டீச்சர் செய்துவைத்த வேலைதான். சித்திரையில் அவருக்கு இருமல் கூடியதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஜானியோடு என் வீட்டுக்கு வருவார். "இன்னைக்கு நீங்க சொல்லுங்க சார், நான் சும்மா நிக்கறேன்," என்பார். பொழுதுபோகாமல் வருகிறார் என்று நினைத்தேன். முதலில் என் பக்கத்திலேயே நிற்பார். பிறகு வாசற்படியில் நின்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை வேலிக்கு வெளியே, எங்கள் கண்ணில் படாத இடத்தில் போய் நின்றுகொண்டார். நான் கையை உயர்த்தினேன். ஜானி படுத்தது. அவரைத் தேடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. படுத்துவிட்டது என்று உரக்கச் சொன்னேன். வெளியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது: "இனி நான் வர வேண்டியதில்லீங்க சார்."

நாயைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, "ஆமாங்க டீச்சர், நல்லாப் பழகிருச்சு," என்று பெருமையாகப் பதில் சொன்னேன்.