வெள்ளைக்கழிச்சலும் வெள்ளக்கடைக் கோழிகளும்

கோழி நோய் ஆராய்ச்சி என்றால் ஏசி அறையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று நம்பித்தான் சேர்ந்தேன். நீங்களும் இப்படி எதையாவது நம்பி ஒரு வேலையில் சேர்ந்தவர் என்றால், நாம் ஒரே கட்சி.

வெள்ளைக்கழிச்சல் கோழிக்குக் கோழி தொற்றும் வைரஸ் நோய். வந்தால் கூண்டோடு காலி. அதற்கான புதுத் தடுப்பூசி ஏற்காட்டு மலை நாட்டுக்கோழிகளிடம் பலிக்கிறதா என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. என் டாக்டர் பட்டம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டப்பகல் வேட்டை

மலைமேல் வெள்ளக்கடை என்ற ஊரில் பழனியம்மாக்கா எஸ்டேட் வேலைக்குப் போகிறவர். அவர் வளர்த்த கோழிகளுக்கு ரத்தம் எடுக்க நடுப்பகலில் போய், காப்பிச் செடிகளுக்குள் துரத்தினேன். கண்ணாடி ஒரு பக்கம் போனது, செருப்பு ஒரு பக்கம் போனது. கோழி மட்டும் கிடைக்கவில்லை. மூச்சு வாங்க நின்றவனை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க சார், சீக்கு கோழிக்குங்களா, உங்களுக்குங்களா?"

சேவல்

மறுநாள் விடியலில், ராத்திரி கோழிகளை அடைத்த கூடையைத் திறக்குமுன் போய்விட்டேன். உள்ளே வாட்டசாட்டமாக ஒரு சேவல். சாமிக்கு நேர்ந்துவிட்டதாம். ஒரு சொட்டு ரத்தம் போதும் என்று கெஞ்சினேன்.

"அது ரத்தம் சாமிக்குச் சொல்லி வெச்சதுங்க. அதுக்கப்புறம் வேணா வாங்க."

பச்சை வளையம், சிவப்பு வளையம்

மீதிக் கோழிகளில் பாதிக்கு ஊசி போட்டுக் காலில் பச்சை வளையம் மாட்டினேன். மறு பாதிக்கு ஊசி இல்லை, சிவப்பு வளையம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஊசியின் லட்சணம் தெரியும், சிவப்புக்கு ஆராய்ச்சி முடிந்ததும் போடுவேன் என்று விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார்.

"உக்காந்த பந்தியில பாதிப் பேருக்குத்தான் சோறுங்களா?"

படல்

வழியில் இருக்கும் கரடியூரில் கழிச்சல் வந்துவிட்டது. பதறிப்போய் வெள்ளக்கடைக்காரர்களைக் கூட்டினேன். நோய் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டி வரும், வெளியாள் எவரையும் கோழிப் பக்கம் விடாதீர்கள் என்று முழங்கினேன். அடுத்த வாரம் ரத்தம் எடுக்கப் பைக்கில் போய் இறங்கினால், பழனியம்மாக்கா படலைச் சாத்தினார். "நான்தான்க்கா" என்றேன்.

"தெரியுதுங்க. கரடியூர் வழியாத்தானுங்களே வர்றீங்க?"

ரகசியம்

கழிச்சல் வெள்ளக்கடைக்கும் வந்தது. ஊசி போடாத வீடுகளில் கூடைகள் காலியாயின. எல்லாம் அடங்கியபின் போனேன். கோழிகள் போயிருந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். சிவப்பு வளையம் எதுவும் சாகாமல் இருந்தால் பட்டம் என்னாவது என்று இன்னொரு பயம், அது கேவலமான பயம்தான். வாசலில் பச்சையும் சிவப்பும் ஒன்றாகக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. சந்தோஷத்தில் இன்னொரு தரம் எண்ணினேன். அதன் பிறகுதான் மூளை வேலை செய்தது. சிவப்பெல்லாம் எப்படிப் பிழைத்தன என்று கேட்டேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"கரடியூர்ச் சேதி வந்த அன்னைக்கே, உட்டுப்போனதையெல்லாம் கூடையில போட்டு, பஸ்ல மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டாந்துட்டனுங்க. நீங்க பாதியில உட்டதை யாருகிட்டயும் சொல்லலீங்க."

மொத்தத்தில், அந்த வீட்டில் கழிச்சலுக்குப் பலியானது என் ஆராய்ச்சி ஒன்றுதான்.