மூன்றாய்த் தெரிந்த சிவப்புப் புள்ளி

ஓர்லீனா சைஸ்மோர் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். தினமும் நானூறு பிள்ளைகளுக்குத் தட்டு நிரப்பினாள். ஆனால் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, அணில் வேட்டை தொடங்கும் நாளில் மட்டும், அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். லிக் ஃபோர்க் பள்ளத்தாக்கில் இதை அறியாதவர் கிடையாது.

அவள் பிறந்த கேஹார்ட் வீட்டில் அந்த நாளுக்கென்று இரண்டு சட்டங்கள் உண்டு. அணிலைத் தலையில்தான் சுட வேண்டும். வெறுங்கையோடு வந்தவரும், உடம்பில் சுட்டுக் கறியைக் கெடுத்தவரும், அன்று மதியம் அத்தனை பேருக்கும் சமைத்துப் பரிமாற வேண்டும். இது முதல் சட்டம். அப்படி இரண்டு வருடம் தொடர்ந்து சமைத்தவர் தன் மரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இது இரண்டாவது. அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் காட்டில் ஒரு மரம் இருக்கிறது. ஊற்றுக்கு மேலே நிற்கும், அணில்கள் தேடிவரும் கொட்டைகள் காய்க்கிற பெரிய ஹிக்கரி மரம் ஓர்லீனாவுடையது. பதினாறு வயதிலிருந்து அதன் அடியில் உட்கார்ந்துதான் சுடுகிறாள்.

முந்தைய ஆண்டு பனிக்காலத்தில் வாசல்படியில் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பை முறித்துக்கொண்டாள், டாக்டர் மூன்று திருகு போட்டுச் சேர்த்தார். அதன்பின் ரைபிளைத் தோளில் வைக்க முடியவில்லை. அடுத்து வந்த ஆகஸ்ட் வேட்டைக்குச் சின்னத் தோட்டா போடும் கைத்துப்பாக்கியோடு போனாள். ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு அதன் முனையிலிருந்த இரும்புக் குறி மங்கலாகத்தான் தெரிந்தது. வெறுங்கையோடு திரும்பி, சட்டப்படி அன்று அவளே சமைத்தாள். அவள் தம்பி ஆர்வில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, உன் கைக்குக் கரண்டிதான் பொருத்தம். அடுத்த வருஷம் அந்த மரத்தை என் மாப்பிள்ளை டோல்பிக்குக் குடுத்துரலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாத்திரம் கழுவினாள்.

இவ்வளவும் எனக்குத் தெரியக் காரணம், நான் ஐசன் கடையில் ஆணி, கயிறு, தூண்டில், துப்பாக்கி விற்கும் ஆள். அடுத்த வருடம் ஜூலை மாதம் அவள் அந்தக் கைத்துப்பாக்கியைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, இதுக்கு மேல வச்சுக் குறி பாக்குற மாதிரி ஒரு கண்ணாடி குடு. சின்னதா இருக்கணும். எனக்கு இந்த வருஷம் அணில் வேணும்."

முதலில் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நீளமான ஸ்கோப் ஒன்றை மாட்டிக் காட்டினேன். கையை நீட்டி, அலமாரியில் இருந்த காப்பிக் குவளையை அதற்குள் தேடினாள். வலது கை லேசாக ஆடியது. கூரை தெரிந்தது, சுவர் தெரிந்தது, குவளை அகப்படவில்லை.

"நான் அணிலைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள அது கல்யாணம் பண்ணிக் குட்டி போட்டுரும்" என்று கழற்றிக் கொடுத்தாள்.

பிறகு தீப்பெட்டி அளவில் இருக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தேன். பார்த்தால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியை அணில்மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். அதிலும் பெரிய புள்ளி, சின்னப் புள்ளி என்று உண்டு. பெரியதை வாங்கினால் இருபத்தைந்து கஜத்தில் அணிலின் தலை முழுவதும் புள்ளிக்குள் மறைந்துவிடும், எங்கே சுடுகிறோம் என்றே தெரியாது. சின்னதை வாங்கச் சொன்னேன். நானே அதைத்தான் வைத்திருக்கிறேன் என்றும் கொஞ்சம் பெருமையடித்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். "இது ரிப்பேரு. மூணு புள்ளி காட்டுது."

நான் வாங்கிப் பார்த்தேன். ஒரே புள்ளி, கடுகு மாதிரி உருண்டையாக இருந்தது. வாக்குவாதம் எதற்கென்று வேறொன்றை மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே அதுவும் மேசைக்கு வந்துவிட்டது.

"இதுவும் மூணுதான். திராட்சைக் கொத்து மாதிரி. ஒண்ணு மேல, ஒண்ணு பக்கத்துல, ஒண்ணு கீழ."

எனக்குக் கோபம் வந்தது. "ஏன்க்கா, செஞ்சவனுக்கு உங்க மேல மட்டும் என்ன பகை? அத்தனை பேருக்கும் ஒண்ணைக் குடுத்துட்டு உங்களுக்கு மட்டும் மூணு வச்சு அனுப்புறானா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிய படிக்கும் கண்ணாடி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. எங்கள் மலையில் பாதிப்பேர் மளிகைக் கடை வாசலில் சுழலும் கம்பியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுப்பார்த்து, எழுத்து பெரிதாகத் தெரிந்தால் வாங்கிக்கொள்வார்கள். கண் டாக்டரைப் பார்ப்பதெல்லாம் கண்ணில் முள் குத்தினால்தான். நான் அவள் கைப்பேசியை வாங்கி, புள்ளிக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்து நீட்டினேன். படத்தில் ஒரே புள்ளி இருந்தது.

அவள் படத்தைப் பார்த்தாள். புள்ளிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"தம்பி, தெருவிளக்கைப் பாத்தா உனக்கு முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டுத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. உருண்டையாத்தான் தெரியும்."

"நட்சத்திரம்?"

"அதுவும் பொட்டு மாதிரிதான்."

"நான் எல்லாருக்கும் அப்படித்தான்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கோபப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. நானே நகரத்துக் கண் டாக்டருக்குப் போன் செய்தேன். விழியின் வளைவில் கோணல் இருந்தால் இப்படித்தான் ஒளி சிதறும், அளந்து செய்த மூக்குக்கண்ணாடி போட்டால் சரியாகும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். கிடைத்த தேதி செப்டம்பர் பதினெட்டு. வேட்டைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. குறியைக் கண்ணாடியிலேயே கீறி வைத்திருக்கும் வேறு வகை ஒன்று உண்டு, அதில் இந்தச் சிதறல் கிடையாது. ஆனால் அதை மூக்குக்கு அருகில் வைத்துத்தான் பார்க்க முடியும். அது ரைபிளுக்கு ஆகும், கை நீட்டிப் பிடிக்கிற துப்பாக்கிக்கு ஆகாது.

"அப்ப மரம் டோல்பிக்குத்தான்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பருப்பைத் தொடாமல் தட்டைத் திருப்பித் தரும் பிள்ளையை அப்படித்தான் பார்த்திருப்பாள். புள்ளிக் கண்ணாடியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் தினமும் சாயங்காலம் அவள் வீட்டுப் பின்பக்க மண்மேட்டிலிருந்து சுடும் சத்தம் கேட்டது. காகிதத் தட்டின் நடுவே பொட்டு வைத்துச் சுட்டாள். முதலில் புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறாள். கொத்து சின்னதாயிற்று, மூன்று மட்டும் மூன்றாகவே இருந்தது. மூன்றும் இடம் மாறுவதில்லை என்பதைக் கவனித்தாள். கீழே இருந்ததுதான் தெளிவானது. சரி, மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள், இதுதான் நம் வீட்டுப் புள்ளி என்று முடிவு செய்தாள். அந்தக் கீழ்ப்புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கேயே தோட்டா படும்வரை கண்ணாடியின் சின்னத் திருகுகளைத் திருப்பினாள். பத்து நாளில் தட்டின் பொட்டு கிழிந்து ஓட்டையாயிற்று. எனக்கு அந்தத் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நான் இத்தனை வருடம் இதை விற்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

வேட்டை நாளன்று நான் காட்டுக்குப் போகவில்லை. அக்காவும் தம்பியும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன், இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

விடிந்ததும் அவள் மரத்தடியில் உட்கார்ந்து, முதுகை மரத்தில் சாய்த்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். அணில்கள் மேலே காயைக் கடித்து ஓட்டைக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. ஒன்பது மணிக்குள் நான்கு. நான்கும் தலையில். சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த ஆர்வில் பொறுக்காமல் வந்துவிட்டான். அவனிடம் ஐந்து இருந்தது, ஒருவர் ஒரு நாளைக்கு ஆறுதான் சுடலாம். அவளுடைய அணில்களைப் புரட்டிப் பார்த்தான்.

"இது நீ சுட்டதாக்கா? அந்த மிஷினு சுட்டது. அதைக் குடுத்தா என் பேத்திகூட சுடுவா."

"அப்படியா?"

"பின்ன? குடு, ஆறாவதை நான் இதுலயே அடிச்சுக் காட்டுறேன்."

அவள் துப்பாக்கியைக் கொடுத்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆர்விலின் கண் நல்ல கண். அவனுக்குத் தெரிந்தது ஒரே புள்ளி, அக்காவின் கீழ்ப்புள்ளிக்கு மேலே நிற்கும் புள்ளி. அதை ஒரு சாம்பல் நிற அணிலின் தலையில் நன்றாக நிறுத்தி, நிதானமாகச் சுட்டான். தோட்டா ஓர் அங்குலத்துக்கும் அதிகமாகக் கீழே இறங்கி அணிலின் தோளில் பட்டது. முன்னங்கால் இரண்டும் கறியோடு போயின.

மதியம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது ஆர்வில் ஏப்ரன் கட்டிக்கொண்டு கிரேவி கிண்டிக்கொண்டிருந்தான். டோல்பி பக்கத்தில் நின்று, "மாமா, அடி பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஓர்லீனா மேசையில் உட்கார்ந்திருந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தாள், மேசையில் வைத்தாள். கிரேவி கருகும் வாசனைக்கு இரண்டு முறை எழுந்து இரண்டு முறையும் உட்கார்ந்தாள்.

ஆர்வில் என்னைப் பார்த்ததும் பாய்ந்தான். "நல்ல சாமான் வித்திருக்கய்யா நீ. கோணலா சுடுது."

"கோணல் கண்ணுக்கு வச்சா கோணலாத்தான் சுடும்" என்று நான் நடந்ததைச் சொன்னேன். கரண்டியைப் பிடித்தபடி கேட்டான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"ஏன்க்கா, நீ சொல்லவே இல்லையே."

"யார் கண்ணுக்கு வச்சதுன்னு நீ கேக்கவே இல்லையே."

மரம் அவளுடையதுதான், அதைப் பற்றிப் பேச இனி ஒன்றும் மிச்சமில்லை. பிறகு முதல் தட்டை ஆர்வில் தானே எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் வைத்தான். சுட்ட ரொட்டி, அணில் கறி, மேலே கட்டி கட்டியாகக் கிரேவி. தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"உப்பு போதுமாக்கா?"

ஓர்லீனா ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றாள். முப்பத்தொரு வருடமாக எல்லோரிடமும் அவள் கேட்ட கேள்வி அது. அவளிடம் யாரும் கேட்டதில்லை என்று அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

"கட்டி தட்டியிருக்கு" என்றாள். பிறகு தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "இன்னும் ஒரு கரண்டி ஊத்து."