ரயிலடி ஊரும் இல்லாத ஓலையும்

வாசகரே, இந்த வழக்கில் நீங்களே சாட்சி, குற்றவாளி நான்.

அறுபதுகளில் செஞ்சியில் நடந்த சொற்போரில், கோட்டை கண்ட எங்கள் ஊருக்கே பெருமை மிகுதி என்று வாதிட்டேன். எதிர்த்துப் பேசியவன் ரயிலடி ஊர்க்காரன், தண்டவாளத் தொழிலாளியின் மகன். பாதை போட வந்து சரளைக்கல் சுமந்தவர்களின் குடிசைகளே தங்கள் ஊராயின என்று நிதானமாகச் சொன்னான். சபை உருகியது, எனக்குப் பொறுக்கவில்லை.

“அல்ல! எங்கள் கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட திருடர்கள் ஒளிந்த இடமே அவ்வூர். பழைய ஓலை சொல்கிறது!” என்று முழங்கினேன். அப்படியோர் ஓலை உலகத்தில் இல்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பொன்னாடை எனக்கு வந்தது.

பேருந்து நிலையத்தில் அவன் தந்தை என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்த ஓலைய எங்க பாக்கலாம்? எங்க தாத்தா கல்லு சொமந்தாருன்னு பையனுக்குச் சொல்லி வளத்துட்டேன். பொய்யின்னா திருத்திச் சொல்லணும் இல்ல?”

“பஸ் போயிடும், வா நைனா” என்று மகன் தலைகுனிந்து இழுத்தான்.

அவர் குரலில் கேலி இல்லை, என்னை நம்பிவிட்டார். பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினேன். பேருந்துக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“ஓலை இல்லை ஐயா, நானே கட்டிவிட்ட கதை. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரயிலடியில் நின்று, ஊரார் முன் இதையே சொல்வேன்.”